மனமொத்த மனு

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது, வக்கீலுக்கு விழவேண்டிய திட்டையெல்லாம் வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்கிற வேலை. உங்களில் யாராவது கோர்ட்டு வராந்தாவில் கேஸ் கட்டு தூக்கியிருந்தால், இதைப் படித்ததும் 'நம்மாளுதான்' என்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வக்கீல் ஐயாவின் ஆபீஸ். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் எழுதிச் சலித்த என் கைக்கு அப்போதுதான் விவாகரத்து மனுக்கள் வர ஆரம்பித்தன.

பத்தாம் நாள் கட்சிக்காரர்

கல்யாணமாகிப் பத்தாவது நாள் கூரத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் பேச ஆரம்பித்தாலே பெண்டாட்டி தூங்கிப்போகிறாளாம். ஐயா ஊரில் இல்லை, நானே சட்டத்தை எடுத்துவிட்டேன். தாலி கட்டி ஒரு வருஷம் முடியாமல் விவாகரத்து மனு போட முடியாது. தாங்க முடியாத கொடுமை என்றால் கோர்ட்டு தனியாக அனுமதி கொடுக்கும், ஆனால் தூக்கம் அதில் சேராது. மனுஷன் மாசா மாசம் வந்து இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு என் பிராணனை வாங்கினார். வருஷம் முடிந்ததும் ஆளையே காணோம். ஒரு நாள் சந்தையில் பிடித்து, மனு எழுதலாமா என்று கேட்டேன். கத்தரிக்காய்ப் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்: "அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு அவளே சொல்ட்டா சார்."

மஞ்சள் துணியில் ஒரு பத்திரம்

சரோஜா பெருநகர் கிராமத்துக்காரி. நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவள், அதனால் குரல் நாலு வயல் தாண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் புருஷன் ஏழுமலையும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் உறவை அத்துக்கொண்டார்கள். முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம், ரெண்டு பேர் கைநாட்டு, முடிந்தது கதை. ஏழுமலை மறுமாசமே தனம் என்ற பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டான். சரோஜா அம்மா வீட்டோடு இருந்தாள். இப்போது திருப்புலிவனத்தில் பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற மாரி, அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நிற்கிறான். அவனுடைய அண்ணன்தான், பத்திரம் செல்லுமா என்று வக்கீலைக் கேட்டுவரச் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்.

செல்லாது என்றார் ஐயா. இது எங்கள் ஜாதி வழக்கம் என்று கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபித்தால் ஒழிய, பத்திரத்தால் கல்யாணம் அறாது. சட்டப்படி நீ இன்னும் ஏழுமலை சம்சாரம்தான், மாரி தாலி கட்டினால் அது தாலியில் சேர்த்தி இல்லை என்றார். சரோஜாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. பொய் சொல்வானேன், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் சம்சாரம் இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டியதற்கு ஏழுமலை மேல் நீ கேஸ் போடலாம், ஜெயில்கூட உண்டு என்றும் ஐயா சொல்லிப் பார்த்தார். அவள் பத்திரத்தைப் பழையபடி மஞ்சள் துணியில் சுற்றினாள். "அவன் உள்ள போயி களி துன்னா எனக்கு இன்னா சாமி வரும்? எனக்கு மாரியோட ஒரு வூடு வேணும், அவ்ளோதான்."

ஒரு வார்த்தை

அதற்கும் வழி இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பிரிந்திருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் சம்மதித்து, ஒரே மனுவாகப் போடலாம். யார் மேலும் யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். ஆறு மாசம் கழித்து இரண்டு பேரும் மறுபடி வந்து அதையே சொல்லவேண்டும். ஒருத்தர் வராவிட்டாலும் மனு அம்போ. ஏழுமலையும் சரியென்று கைநாட்டு வைத்தான். காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில் போனோம். முன்னால் ஏழுமலை, பின்னால் சரோஜா, நடுவில் கட்டோடு நான்.

'மனமொத்துப் பிரிய விரும்புகிறோம்' என்று மனுவில் ஒரு வரி எழுதியிருந்தேன். அழகாக இருக்கட்டுமே என்று எழுதியது. அது என் தலையில் வந்து விடியும் என்று யார் கண்டார்கள்? ஜட்ஜ் அதைப் படித்துவிட்டு, மனமொத்துத்தான் பிரிகிறீர்களா என்று சரோஜாவைக் கேட்டார். "இல்லீங்க" என்றாள். இல்லை என்று பதிவாகிவிட்டால் மனுவும் போச்சு, மாரியும் போனான். ஐயா எழுந்திருப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள்: "மனசு ஒத்துருந்தா நாங்க இன்னாத்துக்கு சாமி பிரியறோம்?"

தனம் வீட்டு மோர்

நல்ல வேளை, ஜட்ஜும் சிரித்துவிட்டார். அர்த்தத்தைச் சொல்லி, மறுபடி கேட்டு, சரியாக எழுதிக்கொண்டு, ஆறு மாசத்துக்கு வாய்தா போட்டார். ஐந்தாவது மாசம் சரோஜா ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தாள். மறுபடி கோர்ட்டுக்குப் போனால் ரெண்டு பெண்டாட்டிக்காரன் என்று அங்கேயே பிடித்துக்கொள்வார்கள் என்று ஏழுமலை காதில் எவனோ ஓதிவிட்டானாம். பத்திரம்தான் கீதே, அது போதும், நான் வரமாட்டேன் என்கிறானாம். மாரியின் அண்ணனோ தை மாசம் தாண்டினால் வேறு பெண் பார்த்துவிடுவேன் என்கிறாராம். நாலு வயல் தாண்டுகிற குரல் அன்றைக்கு வாசலைத் தாண்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெருநகருக்கு பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததுமே ஏழுமலை கொல்லைப் பக்கமாக நழுவிவிட்டான். தனம் மட்டும் இருந்தாள், இடுப்பில் இரண்டு வயசுப் பெண்ணோடு. மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன்: ஏழுமலையை யாரும் பிடிக்கமாட்டார்கள், கேஸ் கொடுக்கவேண்டியவள் சரோஜா, அவள் கொடுக்கப்போவதில்லை. குழந்தைக்கும் பயமில்லை, அப்பன் சொத்தில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் சரோஜாவுக்குத் தீர்ப்பு ஆகிற வரைக்கும் உன் கழுத்தில் இருக்கிற தாலியும் செல்லாது. ஆன பிறகு ஏழுமலை மறுபடி ஒரு தடவை கட்டினால்தான் நீ சம்சாரம். தனம் என் கையிலிருந்த சொம்பை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "நீங்க போங்க சார். வாய்தாவுக்கு அந்தாள நான் இட்டுக்கினு வரேன், அக்காவ அழ வாணாம்னு சொல்லுங்க."

அதே கேள்வி

சொன்னபடியே வந்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் ஏழுமலையின் சட்டை நுனி. சரோஜா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மரத்தடியில் மாரி பீடி மேல் பீடியாக இழுத்துக்கொண்டிருந்தான். ஜட்ஜுக்கு எங்களை நன்றாக ஞாபகம் இருந்திருக்கவேண்டும், கட்டைப் பிரிக்கும்போதே முகத்தில் சிரிப்பு. இந்தத் தடவை ஏழுமலையைக் கேட்டார், மனமொத்துத்தானா என்று. அடப்பாவி, இவனுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுக்காமல் விட்டேனே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஏழுமலை தனத்தை ஒரு தடவை பார்த்தான், சரோஜாவை ஒரு தடவை பார்த்தான். "கண்ணாலத்துலதாங்க மனசு ஒத்துப்போவல. இதுல நல்லா ஒத்துப்போச்சி."

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் தை மாசத்தில் ஒரே நாளாகப் பார்த்து, காலையில் பெருநகரில் அம்மா மடியில் உட்கார்ந்து மகள் வேடிக்கை பார்க்கத் தனத்துக்கும், பத்து மணிக்கு மேல் திருப்புலிவனத்தில் சரோஜாவுக்கும் தாலி ஏற, விவாகரத்து மனு எழுதிய கையாலேயே ரெண்டு பந்தியிலும் பாயசம் வழித்துக் குடித்த குமாஸ்தா நான் ஒருத்தன்தான் என்றாலும், 'மனமொத்து' என்ற வார்த்தையை மட்டும் அதற்கப்புறம் எந்த மனுவிலும் நான் எழுதியதில்லை.