கடல் மூடினால் கோர்ட்டும் மூடும்

போன சனிக்கிழமை காலை, கத்திரி வெயிலில், பூட்டிக் கிடந்த ஒரு கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கேஸ் என்னுடையது இல்லை. ஆனால் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் கலைச்செல்வி. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை. ஆறு வயதில் ஒரு மகள் – மகிழினி. கணவர் குமரவேல் குருசுக்குப்பத்துக்காரர். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மூன்று வருஷமாக இருவரும் தனித்தனி. ஏன், எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்பதற்குத்தான் ஊரே இருக்கிறதே!

விவாகரத்து வழக்கு இன்னும் நடக்கிறது. அதுவரை அப்பா குழந்தையைப் பார்க்க குடும்ப கோர்ட்டில் ஓர் ஏற்பாடு. சனிக்கிழமை தோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, கோர்ட் வளாகத்தில் மட்டும். வேறு எங்கும் கூடாது.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? கொஞ்சம் பொறுங்கள்.

விசைப்படகு கடலுக்குள் போனால் திரும்ப ஒரு வாரம்கூட ஆகும். சனிக்கிழமை வந்துவிட்டதே என்று நடுக்கடலில் இறங்கி நடந்து வர முடியுமா? ஆக, முக்கால்வாசி சனிக்கிழமை குமரவேல் ஆப்சென்ட். அதை வைத்து கலையின் வக்கீல் மனுவில் ஒரு வரி சேர்த்துவிட்டார் – தந்தைக்குக் குழந்தை மீது அக்கறை இல்லை என்று.

"நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா" என்றாள் கலை. "போடுன்ன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். பொண்ணு மேல அவருக்கு உசுரு. எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும், அதை நான் இல்லன்னு சொல்வனா?"

சரி, குமரவேல் கரையில் இருக்கும் காலமே கிடையாதா? உண்டு. கோடையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று அரசாங்கமே விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடச் சொல்லிவிடும். அப்பாவுக்குக் கடல் இல்லை. மகளுக்கு ஸ்கூல் இல்லை. இருவரும் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வருமா?

ஆனால் கோர்ட்டுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை!

வளாகத்துக்கு உள்ளே போக முடியாது, பூட்டு. வெளியே பார்க்கக் கூடாது, உத்தரவு. இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "என்னப்பா வேலை? எப்போது கரையில் இருப்பாய்?" என்று குமரவேலிடம் ஒரு வார்த்தை கேட்க அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. மீனுக்குக் குடும்பம் நடத்த நேரம் ஒதுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மீனவன் மகளைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை.

பூட்டிய கோர்ட்டுக்கு எதற்குப் போனீர்கள் என்கிறீர்களா? நானும் கேட்டேனே. "ஆர்டர்ல எல்லா சனிக்கிழமையும்னு இருக்குதுக்கா. போகலன்னா, கொழந்தைய காட்ட மாட்டேங்கறாங்கன்னு எழுதிடுவாங்களாம். வக்கீல் சொன்னாரு. நீங்களும் சாட்சிக்கு வாங்க" என்றாள் கலை.

போய் இறங்கினால், கேட் அருகில் குமரவேல். கையில் ஒரு கேரி பேக். அவருடைய வக்கீலும் அதையேதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்று வருஷத்தில் இரண்டு வக்கீல்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

மகி ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினாள். "அப்பா, பல்லு வுழுந்துடுச்சு... பாரேன்!"

அவர் பிளாட்பாரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் 'ஆ' காட்ட, அந்தச் சின்ன ஓட்டையை முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

உள்ளேயிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "லீவுங்க. ஜூன் மாசம் வாங்க. கேட்டாண்ட நிக்கக் கூடாது."

"ஜூன்ல கோர்ட்டு தொறந்தா எனக்குக் கடலும் தொறந்துடும்ண்ணே" என்றார் குமரவேல். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எதிர்ப்புறம் ஒரு மர நிழலுக்கு நகர்ந்தோம். "பேசாம எங்க வீட்டுக்கு வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காந்து அப்பாவும் பொண்ணும் பேசட்டும்" என்றேன். கலைக்குச் சம்மதம்தான். இருந்தாலும் பயம். வக்கீலுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"வேண்டாம்மா. கோர்ட்டாண்டயே இருந்துடுங்க. ஒரு தடவ வெளிய விட்டீங்கன்னா அதையே புடிச்சுக்குவாங்க. லீவுல பாக்கணும்னா அவசர மனு போடணும். என்ன அவசரம்னு காட்டணும்."

என்ன அவசரமா? பால் பல் விழுந்திருக்கிறது சார். அடுத்த கோடைக்குள் அந்த இடத்தில் வேறு பல் முளைத்துவிடும். இது அவசரம் இல்லையென்றால் வேறு எது அவசரம்?

இந்த ஊரில் ஒரே ஒரு சரக்குக் கடையை மே மாதம் முழுக்கப் பூட்டி வையுங்கள், பார்ப்போம். இரண்டாம் நாளே பேச்சுவார்த்தை நடக்கும். குழந்தைக்கு யார் வருவார்கள்? அதற்கு ஓட்டு இல்லை, சங்கம் இல்லை.

நான் என்ன உலகத்தில் இல்லாததையா கேட்கிறேன்? குழந்தை தன் அப்பாவைப் பார்க்க, கைதியும் போலீசும் நடமாடும் வராண்டா எதற்கு? ஃபேனும் நாலு பொம்மையும் உள்ள ஓர் அறை போதும். லீவு நாளிலும் அதைத் திறந்துவைக்க ஒரு சமூகப் பணியாளர். அவர் இரண்டு வீட்டுக்கும் ஒரு நடை போய், யாருக்கு எப்போது வேலை, குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்து ஜட்ஜிடம் சொல்லட்டும். அதற்கப்புறம் கிழமையைக் குறிக்கட்டும். இப்போது நடப்பது என்ன? கவுன்சலிங் என்று கூப்பிட்டு, "சேர்ந்து வாழக் கூடாதாம்மா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். பிரிகிறவர்கள் பிரியட்டுமே... நடுவில் பிள்ளைக்கு எதற்குத் தண்டனை?

குமரவேல் கேரி பேக்கைப் பிரித்தார். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய நுங்கு. கலையை ஒரு பார்வை பார்த்தார்.

"குடுங்க. நுங்கு தரக் கூடாதுன்னு ஆர்டர்ல இல்ல" என்றாள் கலை. மூன்று வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும். கட்டை விரலால் நுங்கை எடுத்து அவர் ஊட்ட, மகி கன்னமெல்லாம் வழிய வழியச் சாப்பிட்டாள். பன்னிரண்டு மணிக்கு அவரே எழுந்துகொண்டார். நேரம் தாண்டினால் அதையும் யாராவது எழுதிவிடுவார்களே என்று பயம்.

திரும்பி வர ஆட்டோ பிடித்தோம். டிரைவர் பேச்சுக் கொடுத்தார். "கோர்ட்டுதான் லீவாச்சேம்மா, இன்னாத்துக்கு வந்தீங்க?"

கலை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த மகிதான் பதில் சொன்னாள்.

"எங்கப்பாவ இங்கதான் குடுப்பாங்க, அங்கிள். இன்னிக்கு ரோட்ல வச்சுக் குடுத்தாங்க."