வாழை மரமா, செடியா?

டெக்சஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேட்டியில் வாழை வளரும் என்று கண்டுபிடித்தவர் என் கணவர். நண்பர் ஒருவர் கொடுத்த ஒரே ஒரு கன்றைக் கொண்டுவந்து பின்பக்க வேலியோரம் நட்டார். ஹூஸ்டன் வெயிலும் ஈரமும் அதற்குப் பிடித்துப்போயிற்று. சில வருஷங்களில் வேலியே தெரியாத அளவுக்கு வாழைக்கூட்டம். காய் ஒரு தடவைகூட உருப்படியாக முற்றியதில்லை. இலைக்கு மட்டும் குறைவில்லை. எண்பதுகளில் அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். அத்தனை பேருக்கும் எங்கள் போன் நம்பர் மனப்பாடம். தீபாவளி என்றாலும் பிள்ளைகளின் பிறந்தநாள் என்றாலும் காரில் வந்து இலை அறுத்துக்கொண்டு, காபியும் குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், அந்த ஊருக்குப் பழக்கமே இல்லாத குளிர் வந்தது. தெருவில் பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. எங்கள் குழாய்கள் தப்பின. வாழை தப்பவில்லை. குளிரில் கண்ணாடி போல விறைத்து நின்றவை, வெயில் வந்ததும் கறுத்து, தொளதொளத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. இரண்டு மரங்கள் வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் புல்தரையில் தலைவைத்துப் படுத்துவிட்டன. அழுகின முட்டைக்கோஸ் வாடை வேறு.

பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன அமெரிக்கர். ரொம்ப மரியாதையாகக் கதவைத் தட்டி, உங்கள் செடிகளுக்கு என் உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். சீக்கிரம் எடுத்துத் தொலையுங்கள் என்பதை அதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

கிரீன் கார்டு இன்னும் வராததால் நான் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தேன். வீட்டில் இருப்பவள் என்றால் குப்பைக்கும் அவள்தான் பொறுப்பு. எங்கள் குடியிருப்பில் வீட்டுக் குப்பைக்கு ஒரு லாரி, தோட்டக் குப்பைக்குப் புதன்கிழமை வேறொரு லாரி. கிளை என்றால் நாலடி நீளத்துக்கு வெட்டிக் கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். புல், இலை என்றால் பையில் போட வேண்டும். வாழைத்தண்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆபீஸிலிருந்து குப்பைக் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொல்லி என் கணவரை அனுப்பினேன். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

சாயங்காலம் வந்தவர் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "கேட்டேன். மரமா செடியான்னு கேட்டா அந்த லேடி. வாழை மரமே கிடையாது, டெக்னிக்கலி அது ஒரு ஹெர்ப்னு சொன்னேன்."

"உங்கள யாருங்க அதெல்லாம் சொல்லச் சொன்னது?"

"கேட்டா கரெக்டா சொல்ல வேணாமா?"

"சரி, அவ என்ன சொன்னா?"

"ஹெர்ப்னா கொத்தமல்லி மாதிரிதானே, கிச்சன் கார்பேஜோட போடுங்கன்னுட்டா."

மனுஷர் இதைச் சிரிக்காமல் சொன்னார். இரண்டு ஆள் உயரக் கொத்தமல்லி!

சொன்னபடியே செய்தேன். தண்டுகளைத் துண்டு போட்டேன். ரம்பத்தின் பல்லில் நார் சிக்கிக்கொண்டதால் காய்கறிக் கத்தியாலேயே அறுத்தேன். பெரிய கறுப்புப் பைகளில் திணித்தேன். ஒரு பையை இழுத்துத் தெருவோரம் சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. அவ்வளவும் தண்ணீர். வீட்டுக் குப்பை லாரி வந்தது. ஆள் இறங்கி ஒரு பையைத் தூக்கினான். அடிப்பக்கம் கிழிந்து கறுப்புத் தண்ணீர் அவன் பேன்ட்டில் கொட்டியது. பைகள் அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு, இது தோட்டக் குப்பை என்று ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனான்.

புதன்கிழமை லாரிக்காக மிச்சத்தை நாலடி நீளத்துக்கு வெட்டி, கயிறு கட்டி, நானே ஓரத்தில் காத்து நின்றேன். நைட்டிக்கு மேல் கணவரின் பெரிய கோட். லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தவர் வயசான கறுப்பர், குனிந்து பார்த்தார்.

"என்ன மேடம் இது?"

"மரம்," என்றேன் உறுதியாக.

அவர் ஒரு கட்டைத் தூக்கினார். அது நடுவில் மடிந்து, கொழகொழவென்று அவர் கையுறைக்குள் வழிந்தது. கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், நான் எத்தனையோ வருஷமா மரம் தூக்கறேன். இது மரம் இல்ல."

பைகளையும் தொடாமல் லாரி போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கிய மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இட் ஸ்டிங்க்ஸ்! எவ்ரிபடி ஸா இட்!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். பஸ்ஸில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்.

அந்த வாரம் பார்த்துத்தான் ஒரு அம்மா போன் செய்தார். எங்கள் இலையில் பலமுறை சாப்பிட்டவர்.

"பொங்கலுக்கு ஒரு இருபது இலை எடுத்துக்கலாமாங்க?"

"இலை எல்லாம் போச்சுங்க. தண்டு இருக்கு. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கே வாங்க."

"ஐயோ, நீங்க ரொம்ப தமாஷ்!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். யாரும் தண்டுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை என் கணவருக்கு முன்னால் காபியை வைத்துவிட்டுச் சொன்னேன். "இன்னைக்கு இது போகலன்னா நான் போயிடுவேன். டிக்கெட் போடுங்க."

எழுந்து வெளியே போனார். தண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றைக் காலால் மிதித்துப் பார்த்தார். தண்ணீர் பீறிட்டது. "பிராப்ளம் தண்டு இல்லடி, தண்ணிதான்," என்றார். பிறகு பைகளிலும் கட்டுகளிலும் இருந்ததையெல்லாம் கொட்டி, வாசலில் கார் ஏறி வரும் டிரைவ்வேயில் வரிசையாகப் பரப்பினார். எங்கள் ஸ்டேஷன் வேகன் காரைக் கிளப்பி அதன்மேல் ஏற்றினார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. சப்புச் சப்பென்று சத்தம். கறுப்புத் தண்ணீர் ஓடையாகத் தெருவில் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கி, மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"போதும், நிறுத்துங்க! மானம் போகுது!"

"இன்னொரு ரவுண்டுடி!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மத்தியானத்துக்குள் தண்டெல்லாம் சப்பையாகி, பட்டை பட்டையாகக் கிடந்தது. உட்கார்ந்து கட்டினோம். குச்சிக் குச்சியாக, கிட்டத்தட்டக் கிளை மாதிரியே தெரிந்தது. துண்டுகளாக இருந்தவை புதுப் பைகளுக்குப் போயின. இந்தத் தடவை ஒரு கையால் தூக்க முடிந்தது. டிரைவ்வே முழுக்கக் காப்பிப்பொடி நிறத்தில் கறை. ப்ளீச் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. என் விரல்களிலும் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை நான் வெளியே போகவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதே ஆள்தான் வந்தார். ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார், லேசாக இருக்கவே சுற்றும்முற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு லாரிக்குள் எறிந்தார். பிறகு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் ஓரம் காலியாகிவிட்டது. சாயங்காலம் என் கணவர் உள்ளே நுழைந்ததும், "எடுத்துட்டானா? நான் சொன்னேன்ல?" என்றார்.

எப்போது, என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, தலைக்குக் குளிக்கப் போனேன்.