மூன்று மணி நேரத்துக்கு ஒரு மடக்கு மேசை

என் மனைவி பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தாளைத் தனித்தேர்வராக இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். பாடம் தெரியாமல் அல்ல. இரண்டு முறையும் கடைசிக் கட்டுரையைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது. தேறினால் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம், பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டாம். பயிற்சிக்கு வயது வரம்பு உண்டு. மூன்றாவது முறைதான் கடைசி.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நேரச் செய்தியாளன். சிவகாசியில் ஓர் அறை வீடு. கட்டில் போட்டால் நடக்க இடமில்லை என்று தரையில் படுத்தோம். மேசைக்கு ஏது இடம்? அவள் மடியில் அட்டையை வைத்து எழுதுவாள். அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் விடாமல் எழுதிப் பழகாத கை, தேர்வறையில் எப்படி எழுதும்?

மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தக்கூடிய, மொட்டை மாடிக்குத் தூக்கிப்போகக்கூடிய மேசை ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்தேன். அச்சகம் ஒன்றுக்கு வெளிநாட்டு மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டியின் பலகைகளை எடைக்குப் போட்டிருந்தார்கள். லேசான மரம், வாங்கி வந்தேன். தரையில் சம்மணமிட்டு எழுதும் உயரத்துக்கு, மேலே ஒரு பலகை, இருபுறமும் காலாக இரண்டு பலகைகள், கால்கள் விலகாமலிருக்க நடுவில் செருகும் சட்டம். வரைந்து அறுத்துவிட்டேன். சுத்தியலை எடுத்தபோது அவள் தடுத்தாள்.

"இரும்பு மேல இரும்பத் தட்டாதீக."

"இது வீடு."

"வீடுதான். எனக்கு ஈரக்கொல நடுங்குதுல்ல."

எட்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் காகிதக் குழாய் சுருட்டுகிறவள். உரசிப் பொறி பறக்கும் என்று அங்கே இரும்புச் சாமான் உள்ளே போகாது. கொலுசைக்கூட வாசலில் கழற்றுவார்கள். நான் சுத்தியலை வைத்துவிட்டேன்.

ஆணிக்குப் பதிலாக அவள் வழியில் செய்தோம். கணக்கு நோட்டுகளுக்கு முதுகு ஒட்டும் காலிகோ துணியைக் கீலாக்கி, பலகைகளைப் பசையால் இணைத்தோம். மைதாவைக் காய்ச்சியது அவள்தான். பசை கெடாமலும் பூச்சி அண்டாமலும் இருக்கக் கம்பெனியில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, எதையும் நக்கிப் பார்க்கும் பருவம். எனவே அவள் துத்தத்தை விட்டுவிட்டாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு நாள் வெயிலில் காய்ந்த மேசை விறைப்பாக நின்றது. மறுநாளிலிருந்து, காலை ஐந்தரைக்குத் தண்ணீர் பிடித்துவிட்டு, வேன் வரும்வரை மாடியில் உட்கார்ந்து எழுதினாள். மின்வெட்டு அங்கே ஒரு பொருட்டில்லை. ஞாயிறுகளில் மூன்று மணி நேரம் முழுசாக. நான் கடிகாரம் பார்த்தேன். முதல் ஞாயிறு ஒரு கட்டுரை பாக்கி. இரண்டாவது ஞாயிறு அரைப் பக்கம் பாக்கி.

மூன்றாவது ஞாயிறு, இரண்டு மணி நேரம் கடந்த நிலையில், இடதுகால் பலகை கழன்று மேசை சாய்ந்தது. புரட்டிப் பார்த்தேன். துணிக்கடியில் பசையே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்த கரப்பான்கள் மைதாவைச் சுத்தமாகத் தின்றிருந்தன.

"பொழுதன்னைக்கும் பசையில கெடக்கிறவ, இதை யோசிக்கலையே" என்றேன்.

"நீங்க மட்டும் பெரிய இஞ்சினீயரு. நேரத்தப் பாருங்க, பேசாதீக."

சாய்ந்த பக்கத்துக்கு இரண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு மிச்ச ஐம்பது நிமிடத்தையும் எழுதினாள்.

அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் நான்கு இரும்புக் கீல்களும் திருகாணிகளும் வாங்கி வந்தது அவள்தான். திருகாணிக்கு முதலில் ஆணியால் துளை போட வேண்டும் என்றேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். மேசையை மாடிக்குத் தூக்கிப்போய், கம்பெனியில் தீக்கு வைப்பதுபோல் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சட்டி மணலும் வைத்தாள்.

"எதுக்கு இது?"

"இருக்கட்டும். உங்களுக்கென்ன?"

நான் சுத்தியலை ஓங்கியபோது, "இங்கன கொண்டாங்க" என்று வாங்கிக்கொண்டாள். முதல் அடி ஆணியைத் தொட்டதும் கண்களை இறுக மூடினாள். இரண்டாவதுக்குத் திறந்தாள். பதினாறு துளைகளையும் அவளே போட்டாள். திருகாணி முடுக்கியது மட்டும் நான். நான்காவது ஞாயிறு, நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் பேனாவை மூடினாள்.

தேர்வு மையம் விருதுநகரில். வெளியே புளியமரத்தடியில் மகளை வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. கூட்டத்தின் கடைசியில் வந்தாள். வலது கை நடுவிரல் முழுக்க மை.

"எப்படி?"

"ஒரு கேள்வி தப்பா எழுதிட்டேன்னு நினைக்கேன்."

"கடைசிக் கட்டுரை?"

"அதான் அந்தத் தப்பான கேள்வி" என்றாள். "ஆனா முழுசா எழுதிருக்கேன், ரெண்டரைப் பக்கம். பிள்ளையத் தாங்க, சாப்பிட்டீகளா?"