மூடும் முன் சொல்ல வேண்டியது

உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை, பேய்க்குக் கொஞ்சமும் பயப்படாதவர்கள் மொத்தம் நாலைந்து பேர் இருந்திருப்பார்கள். அதில் ஒருவன் நான். மீதிப் பேர் யாரென்று தெரியாது. அவர்கள் முன்வந்து நிரூபிக்கட்டும். மாடிப்படியில் உருவம் பார்த்ததாகச் சொன்ன ஹாஸ்டல் வார்டனைப் பற்றிக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் மூன்று வாரம் தொடர் எழுதியவன் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன். இது நடந்தது. போன மாதம், ஒரு சனிக்கிழமை, வெயில் இருக்கும்போதே, சரியாக 4:19-க்கு.

அக்கா மகளுக்கு ஏழு வயது. நான் வைத்த பெயர் வாண்டு. அவளைப் பியானோ வகுப்புக்குக் கூட்டிப் போய் வருவது என் வேலை. "அங்க சும்மாதானே உக்காந்திருப்ப, நீயும் கத்துக்கோ" என்று அக்கா என்னையும் சேர்த்துவிட்டாள். சலவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. எல்லா வயதினருக்கும் அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தரப்படும் என்று வாசலில் பலகை. எங்களோடு படித்தவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆபரேட்டர், அறுபத்தெட்டு வயது. மூவரில் நன்றாக வாசிப்பது வாண்டு. மோசமாக வாசிப்பது யார் என்று இங்கே எழுத அவசியமில்லை.

டீச்சர் விரல்களுக்கு எண் போட்டுத்தான் ஆரம்பிப்பார். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. ஐந்து விரல், அடுத்தடுத்து ஐந்து கட்டைகள். முதல் மாதம் முழுக்க அவ்வளவுதான். விதியும் ஒன்றே ஒன்று. கட்டைகளின் மேல் விழும் அந்தக் கனத்த மூடியை மூடும் முன், "மூடுறேன், கையை எடுத்துக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று வரை எண்ண வேண்டும். பிறகுதான் மூட வேண்டும். அறையில் ஆளே இல்லாவிட்டாலும்.

லிஃப்ட்காரர் மூடும்போது பார்க்க வேண்டும். காலி பெஞ்சைப் பார்த்துக் குனிந்து, கல்யாண மாப்பிள்ளையிடம் பேசுவதுபோல அப்படியொரு மரியாதை.

"யார்கிட்ட கேக்குறீங்க அங்கிள், பெஞ்சுகிட்டயா?"

"முப்பது வருஷம் கதவை மூடினவன் தம்பி நான். நடுவுல யாரும் இல்லைன்னு நினைக்கிறப்பதான் கை மாட்டும்."

அதையும் சுவர்ப் பத்திரிகையில் கார்ட்டூனாகப் போட்டேன். நல்ல வரவேற்பு.

அந்தச் சனிக்கிழமை 4:00-க்கு லிஃப்ட்காரர் கிளம்பினார். 4:06-க்கு டீச்சர் பாடத்தாள் ஜெராக்ஸ் எடுக்கக் கீழே இறங்கினார். "பதினஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன். இவ விரலைப் பத்திரமா பார்த்துக்கோப்பா."

4:09. பியானோவின் வலப்பக்கம் வாண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நான் ஜன்னலோரம் போனில் இருந்தேன்.

4:12. இடப்பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. தடித்த, தாழ்ந்த சத்தம். டங்... டங்... டங்... ... டங்.

"ரெண்டு கையாலயும் வாசிக்கிறியா?"

"இல்லையே மாமா." இடது கை மடியில் இருந்தது.

கம்பி தளர்ந்திருக்கும். கீழே சலவை இயந்திரம் அதிர்கிறது. அறிவியல்.

"மாமா, இவளுக்கு நாலாவது விரல் வரல."

"எவளுக்கு?"

வாண்டு பெஞ்சில் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தாள். யாருக்கோ இடம் விடுவதுபோல.

4:16. கீழே இயந்திரம் நின்றது.

இடப்பக்கச் சத்தம் நிற்கவில்லை.

"ஷூவைப் போடு. கிளம்பலாம்."

"டீச்சர் வரலையே?"

"போடு!"

பெஞ்சைத் தாண்டி எட்டி, மூடியைப் பிடித்தேன். முழங்கைக்குப் பக்கத்தில் சின்னக் குரல்.

"சொல்லுங்க."

சொல்வதா? நானா? நாலைந்து பேரில் ஒருவன்.

4:19. ஓங்கி மூடினேன்.

மூடவில்லை.

ஒரு விரல் அளவு இடைவெளி. உள்ளே ஏதோ மெத்தென்று... பிறகு, பென்சில் முனை உடைவதுபோல ஒரு சத்தம்.

வாண்டு!

அவள் விரல்தான். வேறென்ன? அக்காவிடம் என்ன சொல்வேன்? திரும்பவே பயமாக இருந்தது...

திரும்பினேன்.

அவள் கதவருகே இருந்தாள். குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கை. பத்து விரல். எண்ணினேன்.

பத்து.

அப்படியானால்...

என் கைக்கு அடியில் மூடி மெல்ல எழுந்தது.

டங்... டங்...

...

...

டங்.

வாண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவுக்கு வந்துதான் கேட்டேன். "சொல்லுங்கன்னு ஏன் பக்கத்துல வந்து சொன்ன?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே மாமா."

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். இனி வர மாட்டோம் என்று சொல்லத்தான். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"என் தங்கச்சி. ஏழு வயசு. எனக்கு ஒன்பது. அவ வாசிச்சிட்டிருந்தப்ப விளையாட்டுக்கு மூடினேன். நாலாவது விரல் போயிடுச்சு. புண் சீழ் வச்சு, பதினோராவது நாள் அவளும் போயிட்டா."

"இந்தப் பியானோவை வித்துடலாமே டீச்சர்?"

"யாருக்கு? சொல்லாம மூடுற வீட்டுக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கடைசியா எப்படி வாசிச்சா?" என்று கேட்டார்.

மேசையில் தட்டிக் காட்டினேன். ஒன்று. இரண்டு. இடைவெளி. இடைவெளி. ஐந்து.

டீச்சரின் முகம் அப்போதுதான் மாறியது.

"நாலாவது மட்டும்தானே இருக்காது?"

"மூணாவதும் கேக்கல டீச்சர்."

அவர் பியானோ பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷமா," என்றார், "ஒண்ணுதான் இல்லாம இருந்துச்சு."

இதை எழுதி முடிக்கும்போது மணி மாலை 5:40. அறையில் வேறு யாரும் இல்லை. லேப்டாப்பை மூட வேண்டும். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"மூடுறேன்... கையை எடுத்துக்கோங்க."

ஒன்று.

இரண்டு.

மூன்று.