இரண்டு சனலா, நான்கு சனலா

என் கணவர் எதையும் யோசிக்காமல் வாங்கமாட்டார். ஒரு சோடிச் செருப்புக்காகப் பரந்தன் கடைத்தெருவுக்கு மூன்று தரம் போய்வந்த மனிதர். அப்படிப்பட்டவரின் கையில் என் தம்பி ஒரு வண்ணப் புத்தகத்தைக் கொடுத்து, "இதுக்குள்ள எது வேணுமெண்டு சொல்லுங்கோ அத்தான், அடுத்தமுறை கொண்டாறன்" என்றான். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் சனி பிடித்தது.

தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்தான். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊரான முரசுமோட்டைக்கு வந்து எங்களோடு தங்கிப் போவான். எழுபத்தொன்பதாம் ஆண்டாக இருக்கவேண்டும், சிங்கப்பூர்க் கடையொன்றின் அந்தப் புத்தகத்தை அத்தானுக்கென்று கொண்டுவந்தான். பக்கம் பக்கமாக விளையாட்டு விமானங்கள். அவற்றை நிலத்தில் நின்றபடியே திருப்புகிற ட்ரான்ஸ்மிற்றர்கள். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, நீட்டி மடக்கக்கூடிய ஏரியல், முன்பக்கத்தில் கட்டைவிரலால் தள்ளுகிற சின்னத் தடிகள். விமானத்துக்குள் பூட்டுகிற குட்டிப் பெட்டியும் அதோடு கூடவே வரும்.

இவருக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல். அது போக, இவர் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் திருத்துவார். தை மாதம் ஊரே பட்டம் ஏற்றிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நூலில்லாமல் பறக்கிற ஒன்றைச் செய்வதிலேயே நிற்பார். எஞ்சின் இல்லாத கிளைடர். மூங்கில் வரிச்சு, முள்முருக்கங்கட்டை, பட்டத்தாள். செட்டைக்குத் தாள் ஒட்டி, கஞ்சித் தண்ணீர் பூசிக் காயவைத்து விறைப்பாக்குவது என் வேலை. அறுவடை முடிந்த வயலில் ஒரு நீள நூலைக் கட்டி நான் இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். அது பட்டம்போல் ஏறி, உச்சியில் நூலைக் கழற்றிவிட்டுத் தன் பாட்டில் மிதந்து இறங்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடும் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்த ஊரில் இல்லை. நானும் வாய்க்கு வாய் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் ஓடினேன்.

தம்பி புத்தகத்தைத் தந்துவிட்டுப் போன அடுத்த வருடம், வைக்கோல் எரித்த வயலுக்கு மேலே ஒன்றை விட்டோம். அவர் மினக்கெட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தது. கீழேயிருந்து எழும்பிய சூட்டுக்காற்று அதைத் தூக்கிக்கொண்டது. இறங்கவேண்டியது வட்டமடித்து வட்டமடித்து ஏறியது. இவர் கையை ஆட்டிக்கொண்டு கீழே ஓடினார், கூப்பிட்டால் வந்துவிடும் என்பதுபோல. கண்டாவளைப் பக்கமாகப் போய்ப் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லை. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது வரம்பில் குந்தியிருந்தார்.

"என்ன வடிவாப் பறந்தது, பாத்தனீரே?" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "ஒருக்கா, ஒரேயொருக்கா, உப்பிடிப் போறதைத் திருப்பிக் கொண்டந்து என்ர காலடியில இறக்கவேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்."

அவர் அதுவரை தனக்கென்று என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அவருக்கு அது கிடைக்கவேண்டும் என்று எனக்கும் அன்றிலிருந்து ஆசை வந்தது.

ஆனால் எந்த ட்ரான்ஸ்மிற்றர்? அங்கேதான் பிடித்தது வில்லங்கம். இரண்டு சனல் என்றால் இரண்டு வேலை செய்யும்: வாலை இடம் வலமாகத் திருப்பும், மேலே கீழே ஆட்டும். எஞ்சின் இல்லாத கிளைடருக்கு அது போதும். நான்கு சனல் என்றால் செட்டையின் ஓரங்களையும் அசைக்கலாம், நாளைக்கு எஞ்சின் பூட்டினால் அதையும் கூட்டிக் குறைக்கலாம். "எஞ்சினே இல்லாததுக்கு எஞ்சின் கூட்டுற தடி என்னத்துக்கு?" என்று நான் கேட்டேன். "வாங்கிறது ஒருக்கா. பிறகு குறையெண்டு நினைக்கக்கூடாது" என்றார். அடுத்தது பற்றரி. இரண்டு சனலுக்கு ரோர்ச் லைற் பற்றரி போதும், பரந்தனில் வாங்கலாம். நான்கு சனலுக்கு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றும் பற்றரி. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் லாம்பு எரிந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு அலைவரிசை. பக்கத்தில் இன்னொருவர் அதே அலைவரிசையில் ட்ரான்ஸ்மிற்றரைப் போட்டால் விமானம் குழம்பி விழுந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. இவர் அதற்காகவும் கவலைப்பட்டார். வன்னி முழுக்கத் தேடினாலும் இரண்டாவது ஆள் கிடையாத ஒரு சாமானுக்குப் போட்டி வந்துவிடும் என்று பயந்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

யோசித்த காலத்தில் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு பிஸ்கற் ரின்னில் இரண்டு ஐஸ்பழக் குச்சிகளைப் பூட்டி, ஏரியலுக்கு ஒரு சைக்கிள் கம்பியைச் செருகினார். பின்னேரங்களில் வயலில் நின்றுகொண்டு, மேலே வட்டமிடும் பருந்தைப் பார்த்தபடி குச்சியைத் தள்ளுவார். பருந்து இடப்பக்கம் சரிந்தால் இவர் விரலும் இடப்பக்கம். "பிளேன் எங்களைப் பாத்து வரேக்க மாறித் தள்ளவேணும். லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பள்ளத்தில இறங்கேக்க இடது கிளச்சைப் பிடிச்சா வலதுபக்கம் இழுக்குமெல்லே, அப்பிடித்தான்" என்று எனக்கு விளக்கம் சொல்வார். சில நாட்களில் பருந்தைத் தானே திருப்பியதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பில் ஒரு பெருமைதான்.

அதற்குப் பிறகு தம்பி வந்தது எண்பத்தோராம் ஆண்டு. வந்ததும் வராததுமாக நான் அவன் ஊத்தை உடுப்புகளைத் தோய்க்க எடுக்கப் போனேன். சூட்கேசைத் திறக்கவிடாமல் மறித்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான்.

"என்னடா, போத்தல் கொண்டந்தனியே?" என்றேன்.

"சும்மா இருங்கோ அக்கா" என்று சிரித்தான். போத்தல்தான் என்று முடிவுகட்டி விட்டுவிட்டேன்.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவர் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். தம்பி மெதுவாகக் கேட்டான், "அத்தான், முதல்ல ரெண்டு சனலிலை பழகினால் என்ன?"

"ரெண்டு சனலோ? அது சின்னப்பிள்ளையளின்ர சாமான். ஆரும் சும்மா தந்தாலும் நான் தொடமாட்டன்" என்றார் இவர். யோசித்து யோசித்து அந்த வாரம்தான் நான்கின் பக்கம் சாய்ந்திருந்தார். சாய்ந்த புதிதில் எவருக்கும் வாய் கொஞ்சம் நீளும்.

"கேட்டியோ தம்பி, இவருக்கு இனி ஏர்லங்கா பிளேன்காரர் வந்து பழக்கினால்தான் சரி" என்று நான் சிரித்தேன். "ரெண்டு சனலே காணும், அதுவே போதும்" என்று அதுவரை வாதாடியவள் நான். அன்றைக்கு மட்டும் பகிடிக்காக அந்தப் பக்கம் நின்றேன்.

தம்பி பாதிச் சோற்றோடு எழும்பினான். கை கழுவிவிட்டு வந்து, "சரி அத்தான், யோசிச்சுச் சொல்லுங்கோ. நாலு சனல் கொண்டாறன்" என்றான். நான்கு நாள் நின்றான். சூட்கேசைப் பூட்டியபடியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

இவர் நான்கு சனல் என்று சொல்லி அனுப்பினார். பிறகு, பற்றரி விஷயம் விசாரிக்கும்வரை பொறு என்று சொல்லி அனுப்பினார். தம்பியின் கப்பல் வேறு திசைக்கு மாறியது. எண்பத்துமூன்றுக் கலவரமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏரியல் முளைத்த எந்தச் சாமானுக்கும் ஆட்களுக்கு விளக்கம் சொல்லவேண்டிய காலமாகிவிட்டது. ஹெலிக்கொப்டர் சத்தம் கேட்டால் சனம் மரத்தடிக்கு ஓடியது. வெளியான வயலில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரை யாரும் பகிடி பண்ணவில்லை, உள்ளே போகச் சொன்னார்கள். "ஒண்டும் கொண்டுவராதே" என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பியது நான்தான்.

ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதனை போடப்போகிறார்கள் என்று கதை அடிபட்ட ஒரு காலையில், அந்தப் பிஸ்கற் ரின்னை எடுத்துவந்து உலக்கையால் சப்பளித்தேன். குச்சிகளை அடுப்பில் போட்டேன்.

"உது வெறும் ரின்தானே" என்றார் இவர், குசினி வாசலில் நின்றபடி.

"வாறவைக்கு அது தெரியுமோ?" என்றேன். அவர் சைக்கிள் கம்பியை மட்டும் குனிந்து எடுத்து, நிமிர்த்தி, கொண்டுபோய்ச் சைக்கிளோடு வைத்தார். எனக்கு அன்றைக்குச் சமைக்கவே மனம் வரவில்லை.

எண்பத்தேழின் கடைசியில் தம்பி ஒருமாதிரி வந்து சேர்ந்தான். இவர் கடைக்குப் போயிருந்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, பலகையில் உட்கார்ந்து பழங்கதைகளைப் பேசிக்கொண்டிருந்தவன், சிரித்தபடியே சொன்னான்.

"அக்கா, அந்தமுறை அது என்ர சூட்கேசுக்குள்ள இருந்தது, தெரியுமே?"

"எது?"

"ட்ரான்ஸ்மிற்றர். ரெண்டு சனல். பற்றரியும் போட்டு, வேலை செய்யுதோ எண்டு பாத்துத்தான் கொண்டந்தனான். சாப்பிட்டு எழும்பினவுடன அத்தானின்ர கையில குடுப்பம் எண்டு இருந்தன்."

துருவலை நிறுத்திவிட்டேன். "பிறகேன்ரா குடுக்கேல்லை?"

"சின்னப்பிள்ளையளின்ர சாமான் எண்டு சொல்லிப்போட்டார். நீங்களும் சிரிச்சனீங்கள். எனக்கு வெக்கமாப் போச்சு. கப்பல் சமையல்காரனுக்கு வித்துப்போட்டன். அடுத்தமுறை நல்லதாக் கொண்டருவம் எண்டு நினைச்சன்." என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "அத்தானுக்குச் சொல்லட்டோ?"

"வாயைத் திறந்தியெண்டால் இந்தப் பக்கம் வராதே" என்றேன்.

நான்கு நாட்கள். கட்டிலுக்குக் கீழே. வயல் அறுத்துக் காய்ந்து கிடந்தது, பட்டறையில் புதுக் கிளைடர் ஒன்று தாள் ஒட்டித் தயாராக இருந்தது, ஆகாயத்தில் பருந்தைத் தவிர ஒன்றுமில்லை. அந்த நான்கு நாளில் ஒரு பின்னேரம் போதுமாக இருந்திருக்கும் அவருக்கு. நான் அந்தக் கட்டிலுக்குக் கீழே கூட்டக்கூடச் செய்தேன். சூட்கேசை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கூட்டினேன். எத்தனையோ பெரிய இழப்புகளுக்கு ஆறிய மனம் இந்தச் சின்னப் பெட்டிக்கு மட்டும் ஆறவில்லை.

அவர் கண்மூடும்வரை நான் சொல்லவில்லை. சொல்லாதது சரியா பிழையா என்றும் தெரியாது.

எண்பத்தொன்பதில் ஒரு பின்னேரம் இரண்டு பேரும் வரம்பில் இருந்தோம். பக்கத்து வயலில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. சூட்டில் இரண்டு பருந்துகள் ஏறின. இவருடைய வலது கட்டைவிரல் மடியில் கிடந்தபடியே மெல்ல அசைந்தது.

"ரெண்டு சனலே காணும், என்ன?" என்றார்.

"காணும்" என்றேன்.

"நான் அப்பவே தம்பியிட்டை ரெண்டு எண்டு சொல்லியிருக்கலாம். பாவம், அவன் உடன கொண்டந்திருப்பான்."

"ஓம்" என்றேன். "கொண்டந்திருப்பான்."