ஒரே ஒரு மிஸ்டு கால்

"எங்கள் ஊரில் ஒரு மிஸ்டு கால் போதும். பார்த்தவர்கள் வந்துவிடுவார்கள்." இதை நான் எழுதியது ஒரு மென்பொருளின் பொதுப் பக்கத்தில். இன்றும் அங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

கோழி ஷெட்டுக்குள் சூடு அளவுக்கு மேல் ஏறினால் போன் போட்டுச் சொல்லும் மென்பொருள் அது. திறந்த மூலம் என்பார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், குறை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு நான்தான் அதைப் போட்டுக் கொடுத்தேன். மனைவியோடு பண்ணையிலேயே தங்கி வேலை பார்த்த கெங்கவல்லிக்காரரின் போனுக்கு அழைப்பு போகும். எடுக்கும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்கும். அவர் ஈரக் கையோடு ஓடிவந்து எடுப்பார். அவன் வேலையைப் பார்ப்பதா, போனைப் பார்ப்பதா என்று சித்தப்பா சலித்துக்கொண்டார்.

எனக்கு அது வசதியாகப் போயிற்று. அந்தத் திட்டத்தில் என் பேரும் வர வேண்டும் என்று பல மாதங்களாக ஒரு நப்பாசை. ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடும்படி மாற்றி அனுப்பினேன். அதைக் கவனித்துக்கொள்பவர் ஏதோ வெளிநாட்டுக்காரர். அந்த ஒரு அழைப்பையும் யாரும் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அதற்குச் சொன்னதுதான் மேலே இருக்கும் பதில். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கே பாடமா என்ற திமிர். இங்கே லாரி ஷெட்டிலிருந்து கல்யாண மண்டபம்வரை எல்லாம் மிஸ்டு காலில்தானே நடக்கிறது! அவர் ஏற்றுக்கொண்டார். என் பேர் வந்தது. அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தேன், வெட்கங்கெட்டவள். சித்தப்பா பண்ணையிலும் புதியதை ஏற்றிவிட்டேன்.

சித்திரை வெயில். கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் மோட்டார் ஒரு மத்தியானம் டிரிப் ஆகி நின்றது. கெங்கவல்லிக்காரர் அப்போது இரண்டாவது ஷெட்டில் குழாய் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நனையக் கூடாதென்று போனை அறையில் வைத்திருந்தார். அது ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. விடாமல் அடித்திருந்தால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி காதிலாவது விழுந்திருக்கும். முதல் ஷெட்டில் பாதிக் கோழிகள் செத்துப்போயின.

நான் போய் நின்றபோது சித்தப்பா அந்தப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு சாமி. உன்ற மிஷினு சரியாத்தான் கூப்புட்டிருக்குது. இவந்தான் எடுக்கல."

கெங்கவல்லிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் திரையில் இருந்த அந்த ஒற்றை மிஸ்டு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே புருஷன் பெண்டாட்டி இருவரையும் சித்தப்பா அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே பழையபடி மாற்றி, 'சிறு திருத்தம்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். வெளிநாட்டுக்காரர் விடவில்லை. இதனால் யாருக்காவது பாதிப்பு உண்டா, மற்றவர்களை எச்சரிக்க வேண்டுமா என்று கேட்டார். "யாருக்கும் இல்லை" என்று தட்டினேன். நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கெங்கவல்லிக்காரர் கூப்பிட்டார். எந்தப் பண்ணையில் போய்க் கேட்டாலும் கோழியைச் சாக விட்டவன் என்று சேர்க்க மாட்டேன் என்கிறார்களாம்.

"முன்னெல்லாம் விடாம அடிக்கும்மா. அன்னிக்கு ஒரு தடவதான் அடிச்சிருக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு நம்புவாரு."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது, எழுதியதே நான். இரண்டு முறை பண்ணைக்குப் போனேன். இரண்டு முறையும் டீயைக் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். சித்தப்பாவுக்கு என்மேல் இருந்த பெருமை எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள், சோற்றில் கை வைத்திருந்தபோது, என் போன் ஒரு தடவை அடித்து நின்றது. கெங்கவல்லிக்காரர் எண். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். திருப்பிக் கூப்பிடவில்லை.