சொல்தா வீட்டு நீல ரோப்

எனக்கு வேண்டிய துணியை நானேதான் தைத்துக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் பெண்கள் எல்லாரும் ஆன்லைனில் வாங்கிய டாப்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். சில நாள் மூன்று பேர் ஒரே பூ, ஒரே கழுத்து என்று பேண்ட் செட்டுக்காரர்கள் மாதிரி வந்து நிற்பார்கள். நான் மட்டும் தனியாகத் தெரிவேன். "எங்கடி எடுத்த இத?" என்று கேட்பார்கள். "சண்டே மார்க்கெட்ல பீஸ் துணி கெடச்சுது, தெச்சேன்" என்பேன். தைத்தது உண்மை. பீஸ் துணி என்பது பச்சைப் பொய்.

அந்தத் துணியெல்லாம் எங்கள் தெருவுக்கு வரும் பாத்திரக்காரியின் மூட்டையிலிருந்து வந்தது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அவள் பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை வருவாள். தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் துணி மூட்டை. பழைய புடவை, பேண்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு டப்பாவோ குண்டானோ கொடுப்பாள். எனக்கும் அவளுக்கும் தனி ஏற்பாடு. தெரு முழுக்க முடித்துவிட்டுக் கடைசியில் என் வீட்டுக்கு வருவாள். கேட்டைச் சாத்திவிட்டு, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மூட்டையை அவிழ்ப்பாள். நான் கிளறி, பிடித்ததை எடுத்துக்கொண்டு காசு கொடுப்பேன். இப்போது வராத பட்டு ஜரிகை, பழைய காலத்து வாயில் துணி, நாலு தடவை துவைத்தும் சாயம் போகாத சீட்டித் துணி எல்லாம் அங்கே கிடைக்கும். கடையில் தேடினாலும் அந்த மாதிரி அகப்படாது.

கேட்டைச் சாத்துவது எதற்கென்றால், அடுத்தவர் போட்டுக் கழித்த துணி அது. எதிர்வீட்டுக்காரி புடவையில் நான் டாப்ஸ் தைத்துப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தால் தெருவில் தலைகாட்ட முடியுமா? என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை. அவர்கள் பக்கத்தில் இதிலெல்லாம் ரொம்பக் கெடுபிடி. அதிலும் செத்தவர் துணி என்றால் வாசற்படி ஏறக்கூடாது.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருப்பதைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அங்கிருந்து வரும் பென்ஷனில் இருக்கும் பெரியவரின் வீடு. எல்லாரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி இறந்து சில மாதம் கழித்து, பிரான்சிலிருந்து மகள் வந்து ஒரு மாதம் தங்கினாள். பீரோவையெல்லாம் ஒழித்துச் சுத்தம் செய்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை பாத்திரக்காரியைக் கூப்பிட்டு, இரண்டு பை நிறையத் துணியைக் கொடுத்து ஓர் இட்லிக் குண்டான் வாங்கிக்கொண்டாள். நான் என் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது பையில் மேலாக ஒரு நீலத் துணி. கரு நீலம், அதில் கடுகு அளவு வெள்ளைப் புள்ளி. மகள்தான் அதைத் தன் கையால் மடித்துப் பைக்குள் அமுக்கினாள். அதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தெருவில் இதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

அன்றைக்குப் பாத்திரக்காரி என் கேட்டுக்குள் வந்ததும் நானே மூட்டையை அவிழ்த்து அதை உருவினேன். முழங்காலுக்குக் கீழே வரும் கவுன். ஆறு பட்டை வைத்து வெட்டிய பாவாடை, முன்னால் அதே துணி போர்த்திய எட்டுப் பொத்தான். ஐயோ, அந்தப் பொத்தான்! இப்போது யார் செய்கிறார்கள் அப்படி?

பாத்திரக்காரி குரலைத் தாழ்த்தி, "செத்தவங்க துணிம்மா, பரவால்லியா?" என்றாள்.

"பரவால்லக்கா. துணிக்கு இன்னா தெரியும்?" என்றேன். பெரிய பகுத்தறிவாளி மாதிரி.

மறுநாளே வீட்டுக்காரர் வெளியே போனதும் பிளேடை எடுத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தேன். அது கடையில் தைத்தது இல்லை, வீட்டில் தைத்தது என்று உள்பக்கத்தைத் திருப்பியதுமே தெரிந்துபோனது. ஓரமெல்லாம் கையால் அடித்திருந்தது, பொடிப்பொடியாக, ஒரு தையல்கூட கோணல் இல்லாமல். இடுப்பு மடிப்பைப் பிரித்தபோது உள்ளே மூன்று வரிசை பழைய ஊசி ஓட்டை தெரிந்தது. உடம்பு போடப் போட, பிரித்துப் பிரித்து அகலப்படுத்தியிருக்கிறார் அந்த அம்மா. எத்தனை வருஷம் விடாமல் போட்டிருந்தால் மூன்று தடவை பிரிக்க வேண்டியிருந்திருக்கும்? என் கை நின்றது. கொஞ்ச நேரம்தான் நின்றது, பிறகு கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். ஆறு பட்டையில் எனக்கு ஒரு டாப்ஸ் வந்தது, இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்தேன். எட்டுப் பொத்தானில் ஐந்தை வைத்துத் தைத்தேன், மூன்று மிஞ்சியது. அப்போது எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. சந்தோஷமாக இருந்தது.

கம்பெனிக்கு அதைப் போட்டுக்கொண்டு போன அன்றைக்கு முழுக்க என் டாப்ஸ் பேச்சுதான். சூப்பர்வைசரே நின்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் காலையில் கிளம்பும்போது சொல்தா வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன். மனசுக்கு ஒன்றும் தெரியாது என்று பிறகு நான் யாரிடம் சொல்ல முடியும்?

அடுத்த முறை பாத்திரக்காரி வந்தபோது முசியே வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். அவள் குரல் கேட்டதும் கையை ஆட்டி நிறுத்தினார்.

"என் பெண்சாதி ரோப் ஒண்ண நீ எடுத்துட்டுப் போயிட்ட. நீலத்துல வெள்ளப் புள்ளி வெச்சது. குடுத்துடு."

ரோப் என்றால் அவர்கள் வீட்டில் கவுன்.

"உங்க மவதான் ஐயா குடுத்துச்சி, பையில போட்டு" என்றாள் பாத்திரக்காரி.

"எம்மவ குடுக்கவே இல்லன்றா. அத நான் பீரோவுல தனியா மாட்டி வெச்சிருந்தேன். கல்யாணம் கட்டி அந்த ஊருக்குப் போன மொத வருஷம், அவ கையால தெச்சது. அத யாராவது குடுப்பாங்களா?"

சொல்லிவிட்டு அங்கேயே நின்று மகளுக்கு வீடியோ கால் போட்டார். போனைத் தெருவுக்கே திருப்பிக் காட்டினார். "இல்ல பப்பா, நான் அத தொடவே இல்ல" என்றாள் மகள். பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பை துணியை அழுதுகொண்டே அள்ளிப் போட்டவளுக்கு எது எது போயிற்று என்று எங்கே ஞாபகம் இருக்கும்? ஆனால் போனில் அந்த வார்த்தை வந்ததும் சுற்றி நின்றவர்கள் பார்வை மாறிவிட்டது. நாலைந்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தெருக்கோடி மளிகைக்கடைக்காரரும் வந்தார்.

"உள்ள கூப்ட்டாங்கன்னு போயி பீரோவுல கை வெச்சிட்டியா?" என்றார் கடைக்காரர்.

"யோவ், வாய அளந்து பேசு. பதினாலு வருஷமா வரேன் இந்தத் தெருவுக்கு."

"சரி, யார்கிட்ட வித்த? அதயாவது சொல்லு" என்றார் முசியே. அவர் குரல் உடைந்திருந்தது. "காசு எவ்ளோன்னாலும் குடுத்து வாங்கிக்கறேன்."

அவள் வாயே திறக்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நீலம் என் வீட்டுப் பின்கட்டில் கொடியில் காய்கிறது. "அவங்க மகதான் குடுத்தாங்க, நான் பாத்தேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். அப்புறம் அது எங்கே? என்னிடம். கொடு. வெட்டிவிட்டேன். எதற்கு வெட்டினாய்? போட்டுக்கொள்ள. செத்தவள் துணியையா? வீட்டுக்காரர் வேறு பின்னாலேயே வந்து நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார். கேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாத்திரக்காரி என் பக்கம் திரும்பவே இல்லை, ஒரு தடவைகூட. அவளுக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது, தினம் எத்தனை துணி கைமாறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியாக நினைத்துக்கொண்டேன், பாருங்கள்.

"இனிமே இந்தத் தெருப்பக்கம் காலெடுத்து வெக்காத" என்றார் கடைக்காரர். அவள் கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். எப்போதும் தூக்கிவிடுவது நான்.

அதன் பிறகு அவள் வர வேண்டிய இரண்டு சனிக்கிழமை வந்து போனது, அவள் வரவில்லை. பக்கத்துத் தெருவிலும் பேச்சுப் பரவி, அங்கேயும் அவளை ஏற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சோறு இறங்கியது. வேலைக்குப் போனேன், சிரித்தேன், சீரியல் பார்த்தேன். ஆனால் மிஷினில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்த டாப்ஸை மறுபடி கவுனாக்க முடியுமா என்றுகூடத் தரையில் பரப்பிப் பார்த்தேன். எப்படி முடியும்? அக்குளுக்கு வெட்டிய இடத்தை எதைப் போட்டு அடைப்பது? மிஞ்சிய துண்டு துணியையும் மூன்று பொத்தானையும் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அது யாருக்காக வந்த அழுகை என்றும் தெரியவில்லை. எனக்காகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் அவளைப் பார்த்தேன். நடைபாதையில் பழைய துணியைக் குவித்துக்கொண்டு குந்தியிருந்தாள். பாத்திரக் கூடையைக் காணோம். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, அந்த நீலத்துணி என்கிட்டதான் இருக்குது."

"தெரியும்" என்றாள், துணியை மடித்துக்கொண்டே.

"அப்ப ஏன்க்கா என்னைக் காட்டல?"

"எந்த வீட்டுத் துணி எந்த வீட்டுக்குப் போச்சின்னு எங்க ஆளுங்க யாரும் சொல்ல மாட்டோம். சொன்னா அப்பறம் எவ குடுப்பா, எவ வாங்குவா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிர்ந்து முதல் தடவையாக என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"நான் உன் பக்கம் திரும்பியிருந்தா தெருவே உன் பக்கம் திரும்பியிருக்கும். அதான் திரும்பல. நீயா சொல்லுவேன்னு நின்னேன். மகராசி, நல்லா நின்ன கேட்டப் புடிச்சிக்கிட்டு."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு டாப்ஸ், துண்டு துணி, பொத்தான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். உங்கள் மகள் கொடுத்ததைப் பார்த்தேன், நான்தான் வாங்கினேன், வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டேன், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். முசியே டாப்ஸை வாங்கி உள்பக்கம் திருப்பினார். நேராக இடுப்பு மடிப்பைத்தான் தேடினார். அது இல்லை. நான் வெட்டி எறிந்த பகுதி அது. துண்டுகளைக் கிளறி, ஊசி ஓட்டை தெரிகிற ஒரு பட்டையை எடுத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தப் பொம்பளைய நான் நடுத்தெருவுல நிக்க வெச்சேனே" என்றார். அதற்கப்புறம், "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயந்திரமே அவர் பாத்திரக்காரி எங்கே என்று விசாரித்து, ஆட்டோ வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மளிகைக்கடையில் போய் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார், என்னையும் சேர்த்துத்தான். சொல்லாமல் எப்படி அவள் பேரைக் காப்பாற்ற முடியும்? என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்த் திரும்பியவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பீரோவில் என் துணி இருந்த தட்டைத் தனியாக ஒதுக்கி வைத்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் நான் போடும் ஒவ்வொரு டாப்ஸையும் மேலும் கீழும் பார்த்தார்கள், யாருடையது என்று கண்டுபிடிக்க.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள், தலையில் கூடை, தோளில் மூட்டை. மளிகைக்கடைக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். சொல்தா வீட்டில் முசியே அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். தெரு முழுக்க முடித்துவிட்டு வழக்கம்போலக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து ஒதுங்கி நின்றேன். அவள் உள்ளே வரவில்லை. வெளியே, நடுரோட்டில், கூடையை இறக்கி மூட்டையை அவிழ்த்தாள்.

"இங்கயே பாத்து எடுத்துக்க" என்றாள்.

எதிர்வீட்டு வாசலில் முசியே நின்றார். பக்கத்து வீட்டில் இரண்டு பேர், மாடியில் ஒருத்தி, என் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரர். நான் வெளியே போய் ரோட்டில் குந்தினேன். ஒரு பழைய வாயில் புடவையை இழுத்தேன்.

"அது செத்தவங்க துணி, பரவால்லியா?" என்றாள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"பரவால்லக்கா" என்றேன்.

"காதுல விழல."

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.